‘நாளைக்கு வா’ என்பதும் குற்றம்தான்: அதிகாரியின் அலட்சியம் சட்டத்துக்குள் வந்த வரலாறு

சேரியிலிருந்து ஒருவர் அடிபட்ட உடம்போடு காவல் நிலையத்துக்குப் போகிறார். ‘ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வா’ என்கிறார்கள். மறுநாள் போனால், ‘ஒரே ஊருக்காரங்க, பேசித் தீத்துக்குங்க’ என்கிறார்கள். மூன்றாம் நாள் போனால் அவர் பெயரிலேயே ஓர் எதிர்ப்புகார் தயாராக இருக்கிறது. அவருடைய புகாருக்குக் கிடைப்பது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. எப்.ஐ.ஆர். வருவதில்லை.

அடித்தவர் மீது வழக்குப் போட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘நாளைக்கு வா’ என்று சொன்னவர் மீது என்ன செய்வது? இந்தக் கேள்வியை இளைஞர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டால், ‘மேலதிகாரிக்கு மனுப் போடலாம்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். சட்டம் அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, தன் கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு 6 மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனை உண்டு. ‘நாளைக்கு வா’ என்பது சில நேரங்களில் சோம்பல். பல நேரங்களில் அது குற்றம்.

அந்த ஒற்றைப் பிரிவு சட்டப் புத்தகத்துக்குள் வருவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. வந்த பிறகு அதற்கு உயிர் கொடுக்க இன்னும் 25 ஆண்டுகள். இந்த வரலாறு நமக்குத் தெரியாவிட்டால், கையில் இருக்கும் ஆயுதம் என்னவென்றே தெரியாமல் மனு எழுதிக்கொண்டிருப்போம்.

1930: இரண்டு பேர் வைத்த எட்டு நிபந்தனைகள்

1930ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அங்கே போனவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். இன்னொருவர் நம் ரெட்டமலை சீனிவாசன். சுதந்திர இந்தியாவின் அரசமைப்பில் ஒடுக்கப்பட்டோருக்கு என்னென்ன பாதுகாப்புகள் வேண்டும் என்று எட்டு நிபந்தனைகள் கொண்ட ஓர் ஆவணத்தை இருவரும் சேர்ந்து முன்வைத்தார்கள்.

அந்த ஆவணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சட்டமன்றப் பிரதிநிதித்துவத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதில் அரசு அதிகாரிகளைப் பற்றி வெளிப்படையான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அரசுப் பணிகளை ஏகபோகமாக வைத்திருக்கும் உயர்சாதி அதிகாரிகள், சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியும் தங்களுக்குத் தரப்பட்ட விருப்புரிமையை வளைத்தும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கேடு செய்கிறார்கள் என்பதே அது. அரசுப் பணிகளில் போதிய இடம் கேட்பதற்கு அவர்கள் காட்டிய காரணமும் இதுதான். வேலைவாய்ப்பு கிடைக்கும் என்பதற்காக மட்டும் அந்தக் கோரிக்கை எழவில்லை. சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நமக்குப் பயன்படும் என்ற அனுபவத்திலிருந்து எழுந்தது.

ஆறாவது நிபந்தனை இன்னும் ஒரு படி மேலே போனது. பாதகமான நடவடிக்கைக்கும் நலன்களைப் புறக்கணிப்பதற்கும் எதிரான பரிகாரம் வேண்டும் என்றது அது. ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசு ஒன்றைச் செய்து நமக்குத் தீங்கு இழைப்பது ஒரு வகை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுத் தீங்கு இழைப்பது இன்னொரு வகை. இரண்டும் முறையிடத்தக்க அநீதிகள் என்று 1930இலேயே எழுதி வைத்தார்கள். அந்த நிபந்தனை கேட்ட அளவுக்கு அது அன்று சட்டமாகவில்லை. ஆனால் 4ஆம் பிரிவின் விதை அங்கேதான் விழுந்தது.

1955 முதல் 1976 வரை: பல் இல்லாத சட்டம்

அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. கோயிலுக்குள் விடாதவர், கடையில் தனிக் குவளை வைத்தவர், கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாதவர் என்று குற்றவாளிகளின் பட்டியல் அதில் இருந்தது. ஆனால் அந்தக் குற்றங்களைச் சமரசம் பேசி முடித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தந்தது. ஆண்டையிடம் கூலி வாங்கிப் பிழைக்கும் ஒருவரிடம், அந்த ஆண்டையோடு சமரசம் பேசிக்கொள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. புகாரை விசாரிக்காத அதிகாரியைப் பற்றியும் அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தின் நிலையை ஆராய 1965இல் ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து வந்த எல். இளையபெருமாள். குழு நாடு முழுவதும் சுற்றி 1969இல் அறிக்கை தந்தது. அறிக்கை தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன.

கீழ்வெண்மணி வழக்கின் முடிவு நமக்குத் தெரியும். விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள், கார் வைத்திருப்பவர்கள், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. நம்மை அடித்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு ஊரில் ஓர் அந்தஸ்து இருந்தால் அதுவே அவருக்குச் சாட்சியாகிவிடுகிறது. நிலக்கிழாருக்கே இந்தச் சலுகை என்றால், சீருடையும் அரசாங்க முத்திரையும் வைத்திருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

இளையபெருமாள் குழுவின் அறிக்கை 1976இல் ஒரு திருத்தத்துக்கு வழிவகுத்தது. சட்டத்தின் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. நம் ஊர்களில் இன்றும் எந்தச் சாதிக் கொடுமை வழக்கையும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்று சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். சமரசம் பேசி முடிக்கும் வழி அடைக்கப்பட்டது. இன்னொரு சிறிய மாற்றமும் நடந்தது. 10ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: இந்தச் சட்டத்தின் கீழான ஒரு குற்றத்தைப் புலன்விசாரணை செய்யாமல் வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் அரசு ஊழியர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார்.

சுதந்திர இந்தியாவின் தீண்டாமை ஒழிப்புச் சட்டத்தில், விசாரிக்காத அதிகாரியும் குற்றவாளி என்ற வரி அப்போதுதான் எழுதப்பட்டது. இலண்டனில் ‘புறக்கணிப்பு’ என்ற சொல் பதிவாகி 46 ஆண்டுகள் கடந்திருந்தன.

1989: நான்காம் பிரிவு

தீண்டாமைக்கு எதிரான சட்டத்தால் கொலையையும் கூட்டு வன்முறையையும் தடுக்க முடியவில்லை. நிலம் கேட்டால் வெட்டு, கூலி கேட்டால் தீ என்று நாடு முழுவதும் படுகொலைகள் தொடர்ந்தன. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பி.எஸ். கிருஷ்ணன் போன்ற, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற சில அதிகாரிகளின் உழைப்பு அதன் பின்னே இருந்தது. 1990 ஜனவரி 30 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதில் அதிகாரிகளைப் பற்றி இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று 3(2)(vii). அரசு ஊழியர் ஒருவர் தானே வன்கொடுமை செய்தால் ஓராண்டுக்குக் குறையாத தண்டனை என்று அது சொல்கிறது. மற்றொன்று 4ஆம் பிரிவு. அது கடமை தவறியவருக்கானது. அடிக்கும் கை ஒன்று, அதைப் பார்த்தும் எழுதாத கை இன்னொன்று. இரண்டையும் சட்டம் தனித்தனியாகப் பெயரிட்டது.

ஆனால் 4ஆம் பிரிவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ‘கடமை’ என்றால் எது என்று அது சொல்லவில்லை. எப்.ஐ.ஆர். போடாத ஆய்வாளர், ‘விசாரித்துக்கொண்டிருந்தேன்’ என்று சொன்னால் போதும். வேண்டுமென்றே செய்தார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் பிறந்து இரண்டரை ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் அதற்கு ஒரு பெரும் சோதனை வந்தது. அந்தச் சோதனையின் பெயர் வாச்சாத்தி.

1992: அரசாங்கமே குற்றவாளியானபோது

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. வழக்கில் பின்னர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 155 பேர் வனத்துறை, 108 பேர் காவல்துறை, 6 பேர் வருவாய்த்துறை.

ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். சிறுமியர் உள்ளிட்ட 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். குடிநீர்க் கிணற்றையும் கெடுத்தார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என்று 133 பேர் கைது செய்யப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகளாகச் சேலம் சிறைக்குப் போனார்கள்.

அங்கே அரசுக்கு எதிராகப் புகார் வாங்க யாரும் இல்லை. புகார் வாங்க வேண்டியவர்களே ஊருக்குள் வந்தவர்கள். காவல் நிலையம், வனச்சரக அலுவலகம், தாலுகா அலுவலகம் மூன்றும் ஒரே பக்கம் நின்றன. அன்றைய மாநில அரசும் குற்றச்சாட்டை மறுத்தது.

சுவரில் முதல் விரிசலை ஏற்படுத்தியவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர். பெ. சண்முகம் உள்ளிட்ட தோழர்கள் செய்தியை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பட்டியல் சாதிகள், பழங்குடிகளுக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி அந்த ஊருக்கே சென்று விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை தந்தார். அவரும் ஓர் அரசு அதிகாரிதான் என்பதை நாம் மறக்கக் கூடாது. கடமையைச் செய்யும் ஒரே ஓர் அதிகாரி இருந்தால், ஒரு வழக்கின் திசையே மாறும். 4ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். அது வீரச் செயலைக் கேட்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்யச் சொல்கிறது.

1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 1996இல் குற்றப்பத்திரிகை வந்தது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் விசாரணை நடந்தது. அந்தப் பெண்கள் வேலைக்குப் போகாமல், கூலி இழந்து, நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். தங்களுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப அந்நியர்கள் முன்னால் சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் அவர்களைக் கடத்தல்காரர்கள் என்றும் பொய் சொல்பவர்கள் என்றும் சித்திரித்தார்கள். அவர்கள் பின்வாங்கவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பளித்தார். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. 126 வனத்துறையினர், 84 காவல்துறையினர், 5 வருவாய்த்துறையினர். பாலியல் வன்கொடுமைக்காக 17 பேரில் 12 பேருக்கு 10 ஆண்டும், 5 பேருக்கு 7 ஆண்டும் சிறை. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. தண்டிக்கப்பட்டவர்களில் ஐ.எப்.எஸ். அதிகாரிகள் நால்வரும் இருந்தார்கள்.

வாச்சாத்தி நமக்குச் சொல்லும் முதல் சட்டப் பாடம் இது: ‘அரசுக் கடமையைச் செய்யப் போனோம்’ என்பது ஒரு மந்திரச் சொல் அன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, கடமையின் பேரில் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. இப்போது அதே பாதுகாப்பு புதிய சட்டத்தில் 218ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் செய்த செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருந்தால்தான் அந்தக் கவசம் செல்லும் என்று நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. சந்தனக் கட்டையைத் தேடுவது கடமை. கிணற்றைக் கெடுப்பது எந்தக் கடமை? பெண்ணை வதைப்பது எந்தக் கடமை? 2013இல் திருத்தப்பட்ட சட்டம், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் இந்த முன் அனுமதியே தேவையில்லை என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

1995, 2015: கடமை என்றால் எது?

வாச்சாத்தி வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே சட்டமும் வளர்ந்தது. 1995இல் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் வந்தன. சம்பவம் நடந்த இடத்துக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போக வேண்டும் என்கிறது 12ஆம் விதி. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 7ஆம் விதி. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்கிறது 16ஆம் விதி. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது 17ஆம் விதி.

அடுத்த பெரிய மாற்றம் 2015ஆம் ஆண்டுத் திருத்தம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், 4ஆம் பிரிவின் பழைய ஓட்டையை அடைத்தது. கடமைகள் இவை என்று பட்டியலே போட்டது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தின் உரிய பிரிவுகளில் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும். அதன் நகலை உடனே தர வேண்டும். பாதிக்கப்பட்டவர், சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். 60 நாள்களுக்குள் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ஆவணங்களைச் சரியாகத் தயாரித்து, சரியாக மொழிபெயர்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஆயிரம் காவல் நிலையங்களின் அனுபவம் இருக்கிறது. படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியது, சாதிப் பெயர் சொல்லித் திட்டியதை எழுதாமல் விட்டது, வன்கொடுமைச் சட்டப் பிரிவைப் போடாமல் வெறும் அடிதடி வழக்காக்கியது என்று நம் மக்கள் பட்ட அத்தனையும் அங்கே சட்ட மொழியில் திரும்பி நிற்கிறது.

ஒரு பிடியும் அதே பிரிவில் வைக்கப்பட்டது. அரசு ஊழியர் மீது 4ஆம் பிரிவில் குற்றம் சாட்ட, நிர்வாக விசாரணை ஒன்றின் பரிந்துரை வேண்டும். அந்த விசாரணையை நடத்துவது யார்? பெரும்பாலும் அதே நிர்வாகம். இதனால்தான் இந்தப் பிரிவு புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு நீதிமன்றத்தில் இல்லை. ஆனாலும் அந்த விசாரணையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காமல் இருந்தால் அது ஒருபோதும் நடக்காது.

2018: மீண்டும் கவசம் தேடியபோது

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மகாஜன் வழக்கில் ஒரு தீர்ப்புத் தந்தது. அந்த வழக்கின் தொடக்கத்தையே பலர் மறந்துவிட்டார்கள். மகாராஷ்டிராவில் அரசு மருந்தியல் கல்லூரி ஒன்றின் பட்டியல் சாதி ஊழியர், தன் ரகசியக் குறிப்பேட்டில் பாதகமாக எழுதிய மேலதிகாரிகள் மீது புகார் தந்தார். அவர்கள் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்டபோது, உயர் அதிகாரி ஒருவர் அனுமதி மறுத்தார். மறுத்தவர் மீதும் புகார் பதிவானது. அவர்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆக, அந்த வழக்கு முதலிலிருந்து கடைசிவரை அரசு அதிகாரியின் பொறுப்பைப் பற்றியது.

தீர்ப்பு என்ன சொன்னது? அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்களைக் கைது செய்ய மூத்த காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். வழக்குப் பதிவதற்கு முன்பே டி.எஸ்.பி. ஒருவர் முதற்கட்ட விசாரணை செய்யலாம். சட்டம் பொய்ப் புகார்களுக்குப் பயன்படுகிறது என்பது அதன் அடிப்படை வாதம். வேறு சொற்களில் சொன்னால், ‘நாளைக்கு வா’ என்பதற்கு ஒரு சட்டப் பெயர் கிடைத்தது.

ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. வடமாநிலங்களில் நம் தோழர்கள் பலர் உயிர் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: எப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, 2018 தீர்ப்பின் அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. பொய்ப் புகார் மனிதர்களின் தவறு, அதை ஒரு சாதியின் குணமாக்கக் கூடாது என்ற கருத்தை அந்த அமர்வு பதிவு செய்தது. 2020 பிப்ரவரி 10 அன்று 18ஏ பிரிவும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் பார்வையில் குற்றம் தெரியாத வழக்குகளில் முன்ஜாமீன் தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் அது சேர்த்தே சொன்னது. இதையும் நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புகாரைச் சரியாக எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் நுழையும் வாசல் அதுதான்.

2023: ஏணியின் மேல்படி

வாச்சாத்தியில் தண்டிக்கப்பட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்புக்கு முன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அவர்களுக்கோ குடும்பத்தினருக்கோ வேலைவாய்ப்பு என்று உத்தரவிட்டார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும் புள்ளிகளையும் காப்பாற்ற ஏழைப் பழங்குடிகள் பலியாக்கப்பட்டார்கள் என்பதைத் தீர்ப்பு பதிவு செய்தது.

அதே தீர்ப்பில் இன்னோர் உத்தரவும் இருக்கிறது. சம்பவம் நடந்தபோது பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த உத்தரவைத்தான் நாம் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஊருக்குள் போய் அடித்தவர்கள் 1996இலேயே குற்றப்பத்திரிகையில் வந்துவிட்டார்கள். மாவட்ட நிர்வாகத்தின் உச்சியில் இருந்துகொண்டு, தெரிந்தும் தடுக்காத, தெரிந்த பிறகும் நடவடிக்கை எடுக்காத பொறுப்பைப் பற்றி ஒரு நீதிமன்றம் இப்படி உத்தரவிட 31 ஆண்டுகள் ஆயின. 1930இல் எழுதப்பட்ட ‘புறக்கணிப்பு’ என்ற சொல் ஏணியின் மேல்படிக்கு ஏற அவ்வளவு காலம் தேவைப்பட்டது. ஒரு சம்பவத்துக்கு 31 ஆண்டுகள் கழித்து வரும் பொறுப்பு, பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவரிடம்தான் போய்ச் சேரும். தாமதமே அதிகாரிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய முன்ஜாமீன்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

அதிகாரியின் பொறுப்பைப் பற்றிய கேள்வியை வழக்கின் முடிவில் எழுப்பினால் காலம் கடந்துவிடும். முதல் நாளிலேயே எழுப்ப வேண்டும். காவல் நிலையத்துக்குப் போன தேதி, நேரம், அங்கே இருந்தவரின் பெயர், பதவி, அவர் சொன்ன பதில் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். புகாரை வாங்க மறுத்தால், 5ஆம் விதியின்படி அதே புகாரை எழுத்து மூலம் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீதுதான் பின்னாளில் உங்கள் முதல் சாட்சி. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அதில் உரிய பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 60 நாள் கணக்கை நாள்காட்டியில் குறியுங்கள். ஜாமீன் விசாரணை நடந்தால் நம் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது. அதை அரசு வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

கடமை தவறினால், 4ஆம் பிரிவைக் குறிப்பிட்டே நிர்வாக விசாரணை கேளுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று மட்டும் முடிக்காதீர்கள். எந்தக் கடமை, எந்தத் தேதியில், யாரால் செய்யப்படவில்லை என்று எழுதுங்கள். விசாரணை நடந்ததா, பரிந்துரை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் கூட்டக் குறிப்பு எங்கே என்றும் கேளுங்கள். ஒரே மாவட்டத்தில் பத்து இளைஞர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டிய நெருக்கடி ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்.

இப்படிச் செய்தால் எல்லா அதிகாரிகளும் சிறைக்குப் போய்விடுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ‘நாளைக்கு வா’ என்று சொல்லும் முன், தன் பெயரும் நேரமும் ஒரு நோட்டில் ஏறுகின்றன என்று எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். வாச்சாத்திப் பெண்களிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. எழுத்தும் தெரியாத பலர் முகங்களையும் நாளையும் மனத்தில் வைத்துக்கொண்டு 19 ஆண்டுகள் சாட்சி சொன்னார்கள். நமக்குப் படிப்பு இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது, சட்டத்தில் பிரிவு இருக்கிறது. அடுத்த ஊரின் வழக்கை முதல் நாளிலிருந்தே சரியாக எழுதத் தொடங்குவது நம் வேலை.